வழுக்குப்பாறையின் பக்கவழி

மலையின் மேற்குச் சரிவில் ஒரு வழுக்குப்பாறை இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அதன்மேல் மெல்லிசாகத் தண்ணீர் ஓடத் தொடங்கும். உச்சியில் போய் உட்கார்ந்தால் போதும், மீதியைப் பாறை பார்த்துக்கொள்ளும். விர்ரென்று சறுக்கிப் போய், கீழே இருக்கும் மடுவில் தொபுக்கென்று விழலாம்.

காட்டில் இதைவிட நல்ல விஷயம் வேறு கிடையாது என்று எல்லா விலங்குகளும் ஒப்புக்கொண்டன. எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஆரம்பத்தில் அங்கே வரிசை எதுவும் இல்லை. பலம் உள்ளது முதலில் சறுக்கியது. பலம் இல்லாதது மடுவிலிருந்து கரையேறுவதற்குள், பலம் உள்ளது மறுபடியும் அதன் தலைமேல் வந்து விழுந்தது. ஒருநாள் ஒரு யானை சறுக்கிப் போய் ஒரு முள்ளம்பன்றியின்மேல் உட்கார்ந்துவிட்டது. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று முதலில் சொன்னது அந்த யானைதான்.

காட்டெருமை மலையப்பன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவருக்குக் கோபம் வராது. குறுக்கே நின்றுவிட்டால் யாராலும் அவரைத் தள்ளவும் முடியாது. அந்த வேலைக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை.

"இனிமே வரிசை" என்றார் மலையப்பன். "வந்தவங்க வந்த வரிசைப்படி ஏறணும். வரிசையில நிக்கிறவங்களை யாரும் தின்னக் கூடாது."

சிறுத்தை கேட்டது: "வரிசையை விட்டு வெளியே வந்தப்புறம்?"

"அது அவங்கவங்க பாடு. ஆனா வரிசைக்குள்ள கூடாது."

சிறுத்தை யோசித்துவிட்டுச் சம்மதித்தது. அன்றுமுதல் அதுவும் மற்றவர்களோடு சேர்ந்து நின்றது. நிற்கும்போது முன்னால் இருக்கும் மானைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தது. அதன் நாகரிகத்தை எல்லோரும் பாராட்டினார்கள்.

மேலே ஏறும் பாதை செங்குத்தாகவும் குறுகலாகவும் இருந்தது. இயற்கையாக அமைந்த கல்படிகள். ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். காலையில் வந்து நின்றால் வெயில் உச்சிக்கு வரும்போது சறுக்கலாம். யாரும் குறை சொல்லவில்லை.

ஒருநாள் கடமான் செங்காளி வந்தாள். அவளுக்கு மூன்று கால்கள்தான். நான்காவதை ஒரு சுருக்குக் கம்பி வாங்கிக்கொண்டது. முதல் படியில் ஏறினாள். இரண்டாவது படியில் ஏறினாள். மூன்றாவதில் சறுக்கி முதல் படிக்கே வந்தாள். சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், மறுநாளும் திரும்பிப் போனாள்.

மலையப்பன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை பாறைக்குப் பின்பக்கம் போனார். அங்கே புதர் மண்டிக்கிடந்தது, ஆனால் சரிவு சாய்வாக இருந்தது. புதருக்குள் புகுந்து உச்சிவரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார். காட்டெருமை நாலைந்து தடவை நடந்தால் அது பாதைதான்.

"செங்காளி, நீ இந்த வழியா வா" என்றார். "படியில ஏற முடியாதவங்க, வரிசையில நிக்க முடியாதவங்க எல்லாருக்கும் இது பொது."

செங்காளி பக்கவழியில் ஏறினாள். உச்சியில் உட்கார்ந்தாள். சறுக்கினாள். மடுவில் விழுந்து எழுந்து வெளியே வந்தவள், உடம்பைச் சிலுப்பி நீரை உதறினாள். பிறகு சொன்னாள்: "அண்ணே, தண்ணி ரொம்பக் குளிரு."

"ஆமாம்மா" என்றார் மலையப்பன். இரண்டு பேருக்கும் திருப்தி.

சில நாள் கழித்துக் கரடி அங்கம்மாள் வந்தாள். அங்கம்மாள் பெரிய கரடி. அவள் தும்மினால் குரங்குகள் கிளை மாறும்.

"எனக்கும் அந்த வழி வேணும், மலையப்பண்ணே."

மலையப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். நான்கு கால்களும் இருந்தன. நகங்களும் இருந்தன, தேவைக்கு மேலேயே இருந்தன.

"உனக்கு என்னம்மா?"

"கூட்டம்" என்றாள் அங்கம்மாள். "அந்தக் காட்டுத் தீ வந்தப்போ எல்லாரும் பள்ளத்தாக்கு வழியா ஓடினோம் இல்லையா. நான் யானைகளுக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. முழுக்கப் புகை. அன்னையிலிருந்து நாலு பேர் நெருக்கி நின்னா எனக்கு மூச்சு அடைக்குது. கண்ணு இருட்டுது. நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

"சரி, போ" என்றார் மலையப்பன். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அங்கம்மாள் பக்கவழியில் ஏறிச் சறுக்கினாள். தீ வந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. அன்று மடுவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. யார் அது என்று தெரியாமல் பல விலங்குகள் எட்டிப் பார்த்தன.

எட்டிப் பார்த்தவர்களில் நரி குணசீலனும் ஒருவன். அவன் சிரிப்பைக் கவனிக்கவில்லை. கரடி வந்தவுடனே சறுக்கிவிட்டாள் என்பதைக் கவனித்தான்.

மறுநாள் குணசீலன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"முள்ளு குத்திடுச்சு, அண்ணே. படி ஏற முடியல."

"பக்கவழியில போ" என்றார் மலையப்பன்.

அதற்கு மறுநாளும் வந்தான்.

"நேத்து இடது காலை இல்ல நொண்டினே?"

"வலி இடம் மாறுது, அண்ணே. வைத்தியம் பார்க்கிறவங்களுக்கே புரியல."

மலையப்பனுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் வலி என்று சொல்பவரிடம் வலிக்கவில்லை என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. வழியை விட்டார்.

வரிசையில் நின்ற குரங்குகள் இதைப் பார்த்தன. மறுநாள் ஒரு குரங்குக் குடும்பமே நொண்டியது. மயில் வந்து தோகை கனக்கிறது என்றது. காட்டுப்பன்றிக்கு முதுகுவலி. ஒரு கீரி வந்து தனக்கு ஒன்றுமில்லை என்றும், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றும் சொன்னது. மலையப்பன் எல்லோரையும் விட்டார்.

வாரம் திரும்புவதற்குள் காட்டில் பாதி நொண்டியது. பக்கவழியில் நின்ற வரிசை படியில் நின்ற வரிசையைவிட நீளமாகிவிட்டது. அதன் கடைசியில், மூன்று கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு செங்காளி நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற குரங்குகள் பொழுதுபோகாமல் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தன.

படியில் நின்றவர்களுக்குக் கோபம் வந்தது. விடியற்காலையில் வந்து நின்றவர்கள் அவர்கள். கூட்டம் கூடியது.

"நியாயம் வேணும்" என்றது ஒரு யானை.

"கண்டிப்பா வேணும்" என்றான் குணசீலன். அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். "சிலர் பக்கவழியைத் தப்பாப் பயன்படுத்துறாங்க. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு ஆய்வுக் குழு போடணும். உண்மையிலேயே குறை இருக்கிறவங்களை மட்டும் அனுப்பணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். குழுவுக்கு யார் தலைவர் என்ற கேள்வி வந்தது. ஏமாற்றுவது எப்படி என்று நன்றாகத் தெரிந்தவர்தான் அதற்குச் சரி என்று எல்லோருக்கும் பட்டது. குணசீலன் தலைவரானான். மயிலும் இன்னும் சிலரும் குழுவில் சேர்ந்தார்கள்.

மலையப்பனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் காடே கைதட்டிவிட்டது. அவர் உச்சியில் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை பக்கவழியின் வாசலில் குழு உட்கார்ந்தது. முதலில் செங்காளி வந்தாள்.

"காட்டு" என்றான் குணசீலன்.

செங்காளி கால் இல்லாத இடத்தைக் காட்டினாள். குழு சுற்றிவந்து பார்த்தது. மயில் ஒருமுறை குனிந்து பார்த்தது.

"சரி, போ. நாளைக்கும் காட்டணும்."

"நாளைக்கு எதுக்கு? கால் முளைச்சுடுமா?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றான் குணசீலன்.

செங்காளி மறுநாளும் காட்டினாள். அதற்கு மறுநாளும் காட்டினாள். ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையைத் திருப்பி வேறு எங்கோ பார்த்துக்கொள்ளப் பழகினாள்.

அங்கம்மாள் வந்தபோது குழு அவளைச் சுற்றி இரண்டு முறை நடந்தது. பெரிய கரடி என்பதால் நேரம் பிடித்தது.

"காயம் எங்கே?"

"வெளியே இல்லை" என்றாள் அங்கம்மாள். விஷயத்தைச் சொன்னாள். மலையப்பனிடம் ஒருமுறை சொன்னதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "கரடிக்குப் பயமாம்."

"உள்ளே இருக்கிறதை எங்களால பார்க்க முடியாதே, அக்கா" என்றான் குணசீலன். "பார்த்தா நல்லாத்தான் இருக்கீங்க. படியில போய் நில்லுங்க. எல்லாருக்கும் ஒரே நியாயம்."

அங்கம்மாள் ஒரு கையை ஓங்கியிருந்தால் குழு மொத்தமும் மடுவில் கிடந்திருக்கும். அவள் ஓங்கவில்லை. "சரி, முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் போய் நின்றாள்.

குணசீலன் தன்னைத் தானே பரிசோதித்துக்கொண்டான். வாலில் வலி இருப்பது உறுதியானது. பக்கவழியில் போனான்.

அங்கம்மாள் பாதித் தூரம் ஏறிவிட்டாள். அங்கே ஒரு திருப்பம். பாதை அந்த இடத்தில்தான் மிகவும் குறுகல். முன்னால் ஒரு யானையின் பின்பக்கம். பின்னால் காட்டுப்பன்றிகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வரிசை நின்றுவிட்டது.

அங்கம்மாளுக்கு மூச்சு அடைத்தது. யானை மங்கலாகத் தெரிந்தது. புகை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மூக்கில் புகை நாற்றம் அடித்தது. ஓட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஓடினால் முன்னால் நிற்பது யானை, தாங்கும். ஆனால் அவள் காலடியில் இரண்டு கீரிப்பிள்ளைகள் நின்றிருந்தன. காட்டுப்பன்றிகளுக்குப் பின்னால் முயல்கள்.

அங்கம்மாள் பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு வேரைக் கடித்தாள். கண்ணை மூடினாள். அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றாள். பாதையே அதிர்ந்தது.

"என்னது, நிலநடுக்கமா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "முன்னால தள்ளுங்கப்பா, சீக்கிரம்." பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தொடங்கினார்கள்.

பக்கவழி அந்தத் திருப்பத்துக்கு நேர் மேலே போகிறது. செங்காளி அங்கே நின்று கீழே பார்த்தாள். கரடியின் வாயில் வேர் இருந்தது, வேரில் ரத்தம் இருந்தது. செங்காளிக்கு உடனே புரிந்தது. சுருக்குக் கம்பியில் மாட்டிய இரவெல்லாம் அவளும் எதையோ கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தள்ளாதீங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் பின்னால இறங்குங்க. அங்கம்மா அக்காவுக்கு இடம் விடுங்க."

"இறங்கினா எங்க இடம் போயிடுமே" என்றது காட்டுப்பன்றி.

"உன் இடத்துக்கு நான் பொறுப்பு. இறங்கு."

யாரும் அசையவில்லை. அப்போது வரிசையின் நடுவில் இருந்த சிறுத்தை ஆகாயத்தைப் பார்ப்பதை நிறுத்தியது. கீழே திரும்பி, தனக்குப் பின்னால் இருந்தவர்களை நேராகப் பார்த்தது.

"நான் இறங்குறேன்" என்றது. "வரிசை கலைஞ்சா அப்புறம் அது வரிசை இல்ல. என் வழியில யார் நிக்கப் போறீங்க?"

படி நொடியில் காலியானது.

"அக்கா" என்றாள் செங்காளி மேலிருந்து. "பின்னால யாரும் இல்ல. கண்ணைத் திறக்க வேண்டாம். பாறையைத் தொட்டுக்கிட்டே இறங்குங்க. கால்கிட்ட இருந்த ரெண்டு கீரியும் போயிடுச்சு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

அங்கம்மாள் இறங்கினாள். கீழே வந்து கண்ணைத் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தன் குகைக்கு நடந்து போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மலையப்பன் யாரையும் சறுக்க விடாமல் நிறுத்திவிட்டுக் கூட்டம் போட்டார்.

"அந்த அக்கா நகராம நின்னதாலதான் நாங்க உசிரோட இருக்கோம்" என்றது கீரிகளில் ஒன்று. "நாங்க அவங்க காலுக்கு நடுவுலதான் இருந்தோம்."

பிறகு யானை சொன்னது: "இதுக்கெல்லாம் காரணமே பக்கவழிதான். மூடிடுவோம். எல்லாரும் படியிலேயே வரட்டும். முடிஞ்சவங்க வரட்டும், முடியாதவங்க பார்த்து ரசிக்கட்டும். அதுதான் சமம்."

பலர் தலையாட்டினார்கள். மலையப்பனும் களைத்துப் போயிருந்தார். மூடிவிட்டால் தொல்லை விட்டது என்று அவருக்கும் ஒரு கணம் தோன்றியது.

"அண்ணே" என்றாள் செங்காளி. "ஏமாத்தினவங்க ஏமாத்தினதுக்கு எங்க வழியை மூடுவீங்களா? மூடினா அவங்க படியில ஏறிப் போயிடுவாங்க. நாங்கதான் கீழே நிப்போம். தண்டனை யாருக்கு?"

மலையப்பன் கூட்டத்தை முடித்துவிட்டு, செங்காளியையும் அழைத்துக்கொண்டு அங்கம்மாளின் குகைக்குப் போனார்.

அங்கம்மாள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றார் மலையப்பன். "நான் உச்சியில போய் நின்னுட்டேன். கீழே நின்னிருக்கணும்."

அங்கம்மாள் திரும்பினாள். வாயோரம் வேர் கிழித்த காயம் ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். எனக்கு முன்னால போகணும்னு எப்பவாவது உங்ககிட்ட சொன்னேனா?"

"இல்லம்மா."

"நீங்களே உடனே அனுப்பிட்டீங்க. நான் கேட்டது கூட்டத்துக்குள்ள நிக்காம இருக்க ஒரு வழி. அவ்வளவுதான். காத்திருக்க எனக்கு என்ன? குளிர்காலம் பூரா ஒரு மரத்தடியில தனியா உட்கார்ந்து தேனடையையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"எனக்கும் அதேதான்" என்றாள் செங்காளி. "படி ஏற முடியாது. ஆனா உட்கார முடியும்."

மலையப்பன் நெடுநேரம் அசை போட்டார். எழுந்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. காட்டெருமை முகத்தில் எப்போதுமே எதுவும் தெரியாது.

மறுநாள் பக்கவழியின் வாசலில் இருந்த பெரிய நாவல் மரத்தடியில் மலையப்பனே நின்றார். ஆய்வுக் குழுவை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

முதலில் குணசீலன் வந்தான், நொண்டிக்கொண்டு.

"வாப்பா" என்றார் மலையப்பன். "காயம் எதுவும் காட்ட வேண்டாம். நீ சொன்னா சரி. அதோ, படி வரிசையில இப்ப கடைசியா நிக்கிறது யாரு?"

குணசீலன் எட்டிப் பார்த்தான். "ஆமை."

"நீ வரிசையில நின்னிருந்தா ஆமைக்கு அடுத்துதானே போயிருப்பே. அதனால ஆமை சறுக்கினதும் நீ இந்த வழியா ஏறிச் சறுக்கலாம். அதுவரைக்கும் இந்த மரத்தடியில உட்காரு."

"ஆமை சறுக்குற வரைக்குமா?"

"ஆமாம்."

"அப்போ பக்கவழியில வந்து எனக்கு என்ன லாபம்?"

"படி ஏற வேண்டாம். நெரிசல்ல நிக்க வேண்டாம். உன் கால் வலிக்கு அதுதானே வேணும்?"

குணசீலன் மரத்தடியில் உட்கார்ந்தான். ஆமைக்கு அவசரம் எதுவும் இல்லை. பின்னால் வந்தவர்கள் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டபோதெல்லாம் அது மரியாதையாக ஒதுங்கி வழி விட்டது. அன்று அது பலமுறை மரியாதையாக நடந்துகொண்டது. மத்தியானம் ஆனது. ஆமை இன்னும் திருப்பத்தைத் தாண்டவில்லை. குணசீலன் எழுந்தான். நான்கு கால்களையும் ஒழுங்காக ஊன்றிப் படி வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

குரங்குக் குடும்பத்துக்கும் அன்றே குணமானது. மயிலின் தோகை இலேசானது. காட்டுப்பன்றிக்கு முதுகுவலி வந்த தடமே தெரியவில்லை. ஒரே நாளில் இத்தனை பேர் பிழைத்து எழுந்ததை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை.

"ஆனா அவங்க நிழல்ல உட்கார்ந்திருக்காங்களே" என்று ஒரு குரங்கு மட்டும் முனகியது.

"நீயும் வந்து உட்காரு" என்றார் மலையப்பன். "நேரம் ஒண்ணுதான்."

குரங்கு வந்து உட்கார்ந்தது. பேன் பார்க்க ஆள் இல்லை. வம்பு பேச ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து, தன் கூட்டத்தோடு நின்றுகொண்டது.

சாயங்காலம் செங்காளி குகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அங்கம்மாள் உடனே வருகிறேன் என்று சொல்லவில்லை.

"யாராவது சிரிப்பாங்க" என்றாள்.

"சிரிக்கட்டும். நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

அடுத்த நாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. குணசீலன் தலையைக் குனிந்து தன் காலை ஆராய்ந்தான்.

கடைசியில் நின்றது அந்த இரண்டு கீரிப்பிள்ளைகள்தான். அங்கம்மாள் அவற்றைப் பார்த்து வைத்துக்கொண்டு நாவல் மரத்தடியில் உட்கார்ந்தாள். செங்காளி அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். நெருங்கி உட்காரக் கூடாது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறியது. நாவல் பழம் ஒன்று விழுந்தது. செங்காளி அதைக் கரடியின் பக்கம் தள்ளிவிட்டாள்.

கீரிகள் சறுக்கின. மலையப்பன் கூப்பிட்டார். அங்கம்மாள் யாரும் இல்லாத பாதையில் ஏறி, யாரும் இல்லாத உச்சியில் உட்கார்ந்து, சறுக்கினாள். மடுவில் பாதித் தண்ணீர் கரைக்கு வந்தது. அவள் தலையைத் தூக்கி, நீரை உதறிவிட்டு, முதல் நாள் போலவே சிரித்தாள். இந்த முறை அது யார் சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கரையில் நின்ற கீரி ஒன்று கேட்டது: "அக்கா, மறுபடியும் போகப் போறீங்களா?"

"போறேன்" என்றாள் அங்கம்மாள், தண்ணீர் சொட்டச் சொட்ட. "இப்போ கடைசியில நிக்கிறது யாரு?"

நீதி: காத்திருக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதே வரிசையின் நியாயம், எல்லோரும் ஒரே மாதிரி நின்றே காத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அநியாயம்.